காட்டேரியா, வேதாளமா? – திரைப்படவழி ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

மேலைத் திரைப்படங்களில் 'வேம்பயர்' எனப்படும் உருவம் தமிழில் பெரும்பாலும் 'இரத்தக் காட்டேரி' என்றே பெயர்க்கப்படுகிறது. இப்பெயர்ப்பின் பொருத்தத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் தமிழோடு இந்தியும் மராத்தியும் கேட்டு வாழும் மும்பைத் தமிழர்க்கு இச்சிக்கல் மும்மொழிச் சிக்கலாகிறது.

முதற்கண் உருவத்தின் இயல்பைத் தெளிதல் வேண்டும். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' புதினத்தில் (1897) டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். வெயில் பட்டு அழிதல் என்னும் கூறு முர்னாவின் 'நாஸ்ஃபராட்டு' (1922) படத்தில் இடம்பெற்றது. 1931ஆம் ஆண்டுப் படத்தில் பெலா லுகோசி கோரைப்பல் காட்டாது, பார்வையாலும் குரலாலுமே அச்சுறுத்தினார். 1958இல் கிறிஸ்டோபர் லீ வண்ணப்படத்தில் குருதி தோய்ந்த பற்களுடன் தோன்றினார். பல்லும் வெயிலும் படத்துக்குப் படம் மாற, மாறாதது ஒன்றே: இறந்தவன் தன் உடலோடு எழுந்து, பிறர் குருதியால் நிலைபெறுகிறான். அவன் உடலற்ற பேயல்லன். லாகூரில் உருவான உருதுப் படம் (1967) 'ஜிந்தா லாஷ்', அதாவது 'உயிருள்ள பிணம்', எனப் பெயர் பெற்றது. இணைச்சொல் தேடாமல் இயல்பையே பெயராக்கிய இம்முறை கருதத்தக்கது.

காட்டேரியோ தமிழகச் சிற்றூர்களில் வழிபடப்பெறும் பெண் தெய்வம். கயானாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழரின் வழித்தோன்றல்களும் காட்டேரி அம்மனை வணங்குகின்றனர். 'இரத்தக் காட்டேரி' என்னும்போது குருதி பொருந்துகிறது, பிணம் விடுபடுகிறது, பாலும் பிறழ்கிறது. அனைத்தினும் மேலாக, ஒரு சாராரின் தெய்வப்பெயர் இழிபொருள் ஏற்கிறது.

அடுத்தது வேதாளம். ரிச்சர்டு பர்ட்டன் 1870இல் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தை 'வேம்பயர்' ஆக்கினார். பிணத்தில் உறைதல் என்னும் கூறு இரண்டையும் இணைக்கிறது. ஆயினும் வேதாளம் பிறர் பிணத்தில் புகுவது, புதிர்க்கதை சொல்வது. மும்பை இந்தித் திரையுலகில் ராம்சே சகோதரர்கள் 'பந்த் தர்வாசா' (1990) படத்தில் தம் குருதியுண்ணிக்கு 'நேவ்லா' (கீரி) என இயற்பெயரிட்டனர். 2025இல் வெளிவந்த 'தாமா' என்னும் இந்திப் படமோ குருதியுண்ணும் இனத்தைப் 'பேதாள்' என்றே சுட்டுகிறது. பர்ட்டனின் பெயர்ப்பு 155 ஆண்டுகளுக்குப் பின் எதிர்த்திசையில் மீண்டது எனலாம். ஆனால் மராத்தி நாட்டில் வேதாளம் ஊர்காக்கும் தெய்வம். காட்டேரிக்கு நேர்ந்தது இங்கு வேதாளத்திற்கும் நேர்கிறது. தமிழில் நிலை வேறு: முருங்கை மரமேறும் வேதாளம் பழமொழியில் பழகி அச்சம் இழந்துவிட்டது.

ஆகவே ஒரு பண்பாட்டின் தெய்வத்தை மற்றொன்றின் பிணத்திற்கு ஈடாக்குதல் பொருளிழப்பும் மதிப்பிழப்பும் ஒருங்கே தருவதாகும். வழக்கில் ஊன்றிய 'இரத்தக் காட்டேரி' எளிதில் மறையாது. எனினும் மொழிபெயர்ப்பாளர் டிராகுலா, நேவ்லா போன்ற இயற்பெயர்களை அவ்வாறே நிறுத்தலாம். இனப்பெயர் வேண்டுமிடத்து 'குருதியுண்ணும் பிணம்' என விளக்கிப் பெயர்க்கலாம். இது சற்று நீண்ட தொடரே. வசனத்தில் இடம் குறுகுமிடத்து 'குருதியுண்ணி' எனச் சுருங்கலாம். எவர் வழிபாட்டையும் அது தொடாது.