இருபது முகப் பகடையும் ஐயம்பேட்டை அமாவாசையும்

தறி ஓடாத அமாவாசை என்றால் ஐயம்பேட்டையில் எங்கள் கூட்டத்துக்கு ஒரே வேலைதான். மாடியில் பாய் விரித்து, ஆளுக்கொரு பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவது. இதைவிட நல்ல விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிரிக்கெட்டா? போங்க சார்!

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கப் பரமபதம் ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் பாம்பு கடித்தால் மறுபேச்சில்லாமல் இறங்க வேண்டியதுதான். இதில் அப்படி இல்லை. "மகுடி ஊதிப் பார்க்கிறேன்" என்று சொல்லலாம். "பாம்போட பேரம் பேசறேன்" என்றும் சொல்லலாம். கதை நடத்துகிறவர் நிலைமையை விவரித்து, "நீ என்ன செய்யப் போற?" என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து பதில் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் மட்டும் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டிப் பார்க்கிறோம். பூட்டு லேசானது என்றால் 10 வந்தால் போதும். கெட்டிப் பூட்டுக்கு 20 வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்!

இது பரவிய கதையோ ஆட்டத்தைவிடச் சுவாரசியம். மினசோட்டாக்காரரான டேவ் ஆர்னெசன் 1971-இல் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை வைத்து நண்பர்களோடு இப்படி ஆடத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதை விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் இன்சூரன்ஸ் வேலை போய், வீட்டில் செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதர். பெற்ற பிள்ளைகளையே உட்கார வைத்து ஆடிப் பார்த்து விதிகளை எழுதினார். 1974-இல் ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்களாக, 10 டாலர் விலையில், 1,000 பிரதிகள் வந்தன. பெட்டிகளைக் கையாலேயே அடுக்கி விற்றார்கள்.

அந்த விதிகளைப் படித்தால் பாதி புரியாது. எனக்கு அதுதான் பிடித்த விஷயம்! புரியாத இடத்தை ஒவ்வொரு ஊர்க்காரனும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டான். பிரதி கிடைக்காதவர்கள் ஜெராக்ஸ் எடுத்து ஆடினார்கள். அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே விதிகளைப் பார்த்துவிட்டு, 'இது சரிப்படாது' என்று 1975-இல் டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் என்று சொந்தமாகவே ஒன்று எழுதிவிட்டார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் லீ கோல்டு என்ற பெண்மணி, ஆட்டக்காரர்கள் ஆளுக்குச் சில பக்கம் எழுதி அனுப்ப, அத்தனையையும் சேர்த்துக் கட்டித் திருப்பி அனுப்பும் ஒரு சுற்றிதழைத் தொடங்கினார். பெரிய விளம்பரம் எதுவும் கிடையாது. ஆடியவன் அடுத்தவனை இழுத்து உட்கார வைத்ததுதான்.

லண்டனில் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் என்று இரண்டு பேர். வெறும் ஆறு பிரதிகளுக்கு ஆர்டர் போட்டு, ஐரோப்பாவுக்கே விற்பனை உரிமை வாங்கிய கில்லாடிகள்! தங்க இடமில்லாமல் கொஞ்ச காலம் வேனில் படுத்துத் தூங்கினார்கள். 1982-இல் இவர்கள் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' 400 பத்திகள் கொண்ட புத்தகம். இரண்டு பகடையும் பென்சிலும் இருந்தால் தனியாளாக ஆடலாம். சென்னையில் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக்காரர்கள் போய்ச் சேர்ந்த அல்லிக்குளத்தில்தான் எனக்கு அது சிக்கியது. அட்டை கிழிந்த பிரதி. முன்பு வைத்திருந்தவர் சுரங்க வரைபடத்தைப் பின்னட்டையில் பென்சிலால் போட்டிருந்தார், அதுவும் தப்பாக! அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

எங்கள் ஆட்டம் முழுக்கத் தமிழில்தான். கதை நடத்தும் என்னை, கூத்தில் கூப்பிடுவது போல 'வாத்தியார்' என்பார்கள். இப்போது ஓடுகிற கதை கி.பி. 642-இல் நடக்கிறது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் படை வாதாபிக்குப் போகும் முன், துணி வியாபாரிகள் வேஷத்தில் நாலு ஒற்றர்கள் கிளம்புகிறார்கள். வழியில் ஒரு சத்திரம். அங்கே ஒருவன், தானும் காஞ்சி நெசவாளிதான் என்று ஒட்டிக்கொள்கிறான். எதிரியின் ஆள் அவன். பொய்யைக் கண்டுபிடிக்க 15 வேண்டும் என்று நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர், ஆயுசு முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்தவர், பகடையைத் தொடவே இல்லை. "வாத்தியாரே, ஒரு பட்டு இழையை அறுத்து அவன் கையில குடு. முடிச்சுப் போடச் சொல்லு" என்றார்.

"எதுக்குண்ணா?"

"போடட்டுமே. நெசவாளியா இருந்தா பேசிக்கிட்டே போட்டுடுவான். இல்லேன்னா குனிஞ்சு பார்ப்பான்."

மாடியே ஆடிப்போயிற்று! அந்த எதிரி ஆள் குனிந்து பார்த்தான், மாட்டிக்கொண்டான். இதற்கு எதற்குப் பகடை? நடத்துகிறவர் நியாயம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று 1974-லேயே விட்டுவைத்த இடம் இது. கணினி விளையாட்டில் ஆயிரம் வாள் இருக்கும். இழையில் முடிச்சுப் போட ஒரு பட்டன் இருக்குமா? சொல்லுங்கள். அவருடைய வாழ்நாள் தொழில் அப்படியே கதைக்குள் வந்து ஆட்டத்தையே திருப்பிவிட்டது. அடுத்த அமாவாசை வரை தெருவில் எல்லோருக்கும் இதே பேச்சு.

காசு செலவாகுமே என்று தயங்காதீர்கள். 2023 ஜனவரியில் இதன் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டுவிட்டார்கள். இறக்கி, வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இருபது முகப் பகடை கிடைக்கவில்லையா? 1979-இல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆட்டத்தை வெளியிட்ட கம்பெனியே பெட்டிக்குள் எண் அச்சடித்த சீட்டுகளைத்தான் வைத்து விற்றது. ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி டம்ளரில் குலுக்குங்கள். நாலு பேரைச் சேர்த்து இந்த அமாவாசைக்கே உட்கார்ந்துவிடுங்கள்.