குருகு சான்றாகுமோ?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், பெண்ணையாற்றிடை நிற்கும் குன்று கபிலர் பெயர் தாங்கியது. அப்புலவரது குறுந்தொகை 25ஆம் பாட்டில், வரைவு நீட்டித்தமையால் வருந்தும் தலைவி, மணந்த நாளில் உடனிருந்தது ஆரல்மீன் நோக்கிய குருகே என்கின்றாள்.

அதனைச் சான்றெனக் கொள்வாருளர், யாம் கொள்ளோம். இரைமேற் கண்வைத்த பறவை பிறிதொன்றைக் காணாது, காணினும் உரையாது. அதன் காலுக்குத் தினைத்தாளை உவமித்ததும் கருதற்பாலது. கல்வராயன் மலை போலும் குறிஞ்சி நிலத்துப் பயிராகிய தினை கொய்யப்படின் புனங்காவல் ஒழியும். காதலர் காணும் வாய்ப்பும் ஒழியும்.

ஆயின், இது முறிந்த காதலின் பாட்டோ? அன்று. தலைவனைக் கள்வனென்று கூறியவிடத்தும், அவன் பொய்த்தான் என்று அவள் முடித்துரைத்திலள். பொய்ப்பானாயின் தன் நிலை யாதென்றே வினவுகின்றாள். அவ்வெச்சச் சொல்லிலேயே அவள் நம்பிக்கை எஞ்சி நிற்கின்றது என்பது எம் துணிபு.