யாழ் நூலும் ஆய்வுகூடமும்

பழந்தமிழிசை பற்றி எழுந்த ஆராய்ச்சி நூல்களுள் விபுலாநந்த அடிகள் இயற்றிய யாழ் நூல் தனியிடம் பெற்றது. 1947ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களிற் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அன்றுதொட்டு அதனைப் போற்றாத தமிழ் மேடை அரிது. ஆயின் போற்றுதல் வேறு, ஆராய்தல் வேறு. அந்நூலைப் பற்றி எழுந்த கட்டுரைகளுட் பல, ஆசிரியரின் பெருமையைப் பேசி நூலின் வாயிலிலே நின்றுவிடுகின்றன. உள்ளே புகுந்து, இதன் முடிபுகளுள் ஐயமற நிறுவப்பட்டவை எவை, உய்த்துணரப்பட்டவை எவை என்று வினாவுவோர் சிலரே. இவ்வினா ஆசிரியரை அவமதிப்பதன்று. யாழ் நூல் விஞ்ஞானம் கற்ற ஒருவரின் ஆக்கம். விஞ்ஞான நூலுக்குச் செய்யத்தக்க மரியாதை அதனைச் சோதித்தலேயாம்.

அடிகளார் 1892இல் மயில்வாகனம் என்னும் பெயருடன் காரைதீவிற் பிறந்தார். வடக்கே சாய்ந்தமருதும் கல்முனையும், தெற்கே நிந்தவூருமாக முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களின் நடுவே, கடலுக்கும் வயலுக்கும் இடையில் அமைந்த ஊர் அது. இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் அப்பகுதி, 1961இல் அம்மாவட்டம் வகுக்கப்படும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற அவர், கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றுத் தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றினார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் 1916இற் சித்தியெய்தியவரும் அவரே. பின்னர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். ஏட்டுப் புலமையும் பரிசோதனைப் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடியதன் விளைவு யாழ் நூல். அதனைத் தமிழறிவு ஒன்றினாலே அளத்தல் பாதி அளத்தலாகும்.

நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாய் அமைந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையும் அதன் அடிப்படை. பழைய உரை கூறும் செய்தியை எடுத்து, அதனை எண்ணாக மாற்றி, அவ்வெண் நரம்பொலியின் இயல்போடு பொருந்துகின்றதா என்று பார்ப்பது அடிகளார் கையாண்ட நெறி. இந்நெறியின் முதற்பகுதி புலவர்க்குரியது. இரண்டாம் பகுதி கணிதர்க்குரியது. மூன்றாம் பகுதி ஆய்வுகூடத்துக்குரியது. இம்மூன்றும் நூல் முழுவதும் ஒரே வலிமையுடன் அமைந்தனவா என்பதே திறனாய்வாளர் நோக்க வேண்டுவது.

கணக்கினால் நிறுவப்பட்ட பகுதியை முதற்கண் நோக்குதல் தகும். ஒரு நரம்பின் அதிர்வு அதன் நீளத்திற்கு நேர்மாறாக அமையும். நீளம் பாதியானால் மீடிறன் இரட்டிக்கும். பள்ளி ஆய்வுகூடங்களிற் காணப்படும் சுரமானி இதனை ஐயமற விளக்கும். இழுவையை மாற்றாது வைத்து, 90 சென்றிமீற்றர் நீளமுள்ள கம்பியின் ஒலியைக் குரல் எனக் கொண்டால், 60 சென்றிமீற்றரில் இளியும், 67.5 சென்றிமீற்றரில் உழையும், 45 சென்றிமீற்றரில் அடுத்த தானத்துக் குரலும் ஒலிக்கும். இளி குரலினும் ஒன்றரை மடங்கு என்பதும், உழை மூன்றில் நான்கு மடங்கு என்பதும் செவியும் அளவுகோலும் ஒருங்கே ஒப்பும் உண்மைகள். பழைய உரைகள் ஒரு தானத்தை இருபத்திரண்டு அலகாக்கி, குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று பகுத்தன. இவ்வலகுகளை வெறும் மரபெண்களாக விடாது, பின்னங்களாலாகிய இசை விகிதங்களோடு இணைத்துக் காட்டியமை அடிகளாரின் பெரும்பணி. இப்பகுதியை ஒருவர் மறுக்க விரும்பின் மற்றொரு பாட்டை மேற்கோள் காட்டுதல் போதாது. கம்பியை நீட்டி அளந்து காட்டுதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஆபிரகாம் பண்டிதரின் கொள்கையை ஒப்புநோக்குதல் பயனுடையது. தஞ்சையில் வாழ்ந்த பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இருபத்திரண்டு என்னும் கணக்கை மறுத்து, ஒரு தானம் இருபத்துநான்கு சமமான சுருதிகளாகப் பகுக்கப்படும் என்று வாதித்தார். இரு கொள்கையினரும் சிலப்பதிகாரத்தையே சான்றாகக் கொண்டனர். ஒரே நூலிலிருந்து இருவேறு முடிபு பிறக்குமாயின் நூற்சான்று மட்டும் வழக்கைத் தீர்க்காது என்பது வெளிப்படை. இவற்றின் வேறுபாடோ அளக்கத்தக்கது. குரலுக்கு மீடிறன் 240 எனக் கொண்டால், ஒன்றரை மடங்கு விகிதப்படி இளிக்கு 360 ஆகும். சமப் பகுப்பின்படி ஏறத்தாழ 359.6 ஆகும். இவ்விரண்டையும் ஒருங்கே ஒலிப்பித்தால் ஐந்து செக்கனுக்கு இரண்டு அடிப்புக் கேட்கும். நான்கில் ஐந்து மடங்காகிய சுரத்தில் வேற்றுமை இன்னும் பெரிது: ஒன்று 300, மற்றையது 302.4. தேர்ந்த பாடகர் எச்சுரத்திலே நிற்கின்றார் என்பதை அளவுக் கருவி கூறும். எனினும் அக்கருவி இன்றைய பாடகரின் வழக்கையே காட்டும்; ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பாணரின் வழக்கைக் காட்டாது. கணக்கின் ஆட்சி முடிந்து உய்த்துணர்வின் ஆட்சி தொடங்கும் எல்லை இதுவே.

அவ்வெல்லைக்கு அப்பாலுள்ளது யாழின் வடிவம். யாழுறுப்பியலின் அழகும் இடரும் இங்கேதான் உள்ளன. பேரியாழுக்கு நரம்பு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என உரையாசிரியர் எண் தந்தனர். பத்தர், கோடு, திவவு என்னும் உறுப்புகளைப் பொருநராற்றுப்படை முதலியன பாடின. ஆயின் அவை தந்தவை உவமைகள். பத்தருக்குக் குளம்பு பதிந்த சுவட்டை உவமை கூறும் புலவர், அதன் வடிவை மனக்கண்ணுக்குக் காட்டுகின்றார். அதன் ஆழத்தைக் கூறுகின்றாரல்லர். உவமை அளவாகாது. நரம்பு எவ்வளவு பருமன், எவ்வளவு இழுத்துக் கட்டப்பட்டது, போர்த்த தோல் எவ்வளவு தடிப்பு என்பவற்றை எப்பாட்டும் எண்ணாற் கூறவில்லை.

நரம்பின் மீடிறனோ நீளம் ஒன்றினால் மட்டும் முடிவதன்று. இழுவையும், ஓரலகு நீளத்தின் திணிவும் அதனை நிருணயிக்கும். ஆகலின் சுர விகிதத்திலிருந்து நரம்பின் நீளத்தையும், நீளத்திலிருந்து கோட்டின் வளைவையும் வருவிக்குங்கால், எல்லா நரம்பும் ஒரே பருமனும் ஒரே இழுவையும் உடையன என்னும் எடுகோள் அடியில் நிற்றல் வேண்டும். யாழ் செய்த பழங்கைவினைஞர் தாழ்ந்த சுரத்துக்குத் தடித்த நரம்பைக் கட்டியிருப்பின் வளைவு வேறாகும். அன்றியும் வளைந்த கோடு நரம்புகளின் இழுவையால் தானும் சிறிது வளையும். ஒரு நரம்பை முறுக்க மற்றைய நரம்புகள் சுருதி இறங்கும். தாளிற் கோடு வரைவோர்க்குத் தோன்றாத இவ்விடர் கருவியைக் கையிலேந்துவோர்க்கு முதல் நாளிலே தோன்றும். மருதமுனைத் தறியிலே பாவு நூல் ஓரிடத்திற் தளர்ந்தால் நெசவு முழுவதும் கெடும் என்பதை நெசவாளர் அறிவர். யாழின் இழுவையும் அத்தகையதே.

இழுவையும் உடலும் ஒலியை எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சான்று இந்திய ஆய்வுகூடத்திலேயே உண்டு. சி. வி. இராமன் நிதித்துறை உத்தியோகத்தராயிருந்த காலத்திலேயே, ஓய்வு நேரங்களிற் கல்கத்தாவிலுள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் நரம்புகளின் அதிர்வை ஆராயத் தொடங்கினார். 1917இற் பேராசிரியரான பின்னும் அச்சங்க ஆய்வுகூடத்தை விட்டாரல்லர். மிருதங்கத்தின் மேற்றொனிகளை 1920இலும், வீணை, தம்பூரா ஆகியவற்றின் ஒலியை 1921இலும் ஆராய்ந்து வெளியிட்டார். மீட்டும் இடத்தில் எம்மேற்றொனிக்குக் கணு அமைகின்றதோ அம்மேற்றொனி எழாது என்பது ஐரோப்பிய ஒலியியலார் கண்ட விதி. வீணையிலும் தம்பூராவிலும் அது பொய்க்கக் கண்ட இராமன், நரம்பைத் தாங்கும் குதிரையின் அகன்று வளைந்த மேற்பரப்பே அதற்குக் காரணம் எனக் காட்டினார். விரலளவினதாகிய ஓர் உறுப்பின் வளைவு கருவியின் குரலையே மாற்றுகின்றது. அவ்வாறாயின், பத்தரும் போர்வையும் அறியப்படாத யாழின் குரலை விகிதக் கணக்கினால் மட்டும் மீட்டுவிட்டதாகக் கூறுதல் ஒண்ணாது. அடிகளார் மீட்டது யாழின் சுரவரிசை. யாழின் ஓசையை மீட்கும் பணி எஞ்சியுள்ளது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அடிகளார் தம் கணக்கின்படி யாழ்களைச் செய்வித்தாரல்லரோ, அரங்கேற்றத்தில் அவை இசைக்கப்பட்டனவல்லவோ என்பர். உண்மை. ஆயினும் அவ்விசை எதனை நிறுவிற்று என்பதைத் தெளிதல் வேண்டும். அத்தகைய கருவியைச் செய்யலாம், அதிற் பண் இசைக்கலாம் என்பதனை அது நிறுவிற்று. பழம்பாணர் ஏந்திய கருவி அதுவேதான் என்பதனை நிறுவவில்லை. செய்யக்கூடியது ஒன்று, செய்யப்பட்டிருந்தது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மறந்து பேசியவர்கள் பிற்காலத்துப் புகழாளரே. அடிகளார் மேலே செல்லுதற்குக் காலமும் வாய்க்கவில்லை. நூல் அரங்கேறி ஏழு வாரமும் நிறையாமுன், 1947 யூலை 19இல் அவர் மறைந்தார். ஆய்வு செய்தவர் மறைந்தவிடத்து ஆய்வைத் தொடர்தல் மாணாக்கர் கடன். இங்கு அக்கடன் விழாவெடுத்தலாகவும் சிலை நிறுவுதலாகவும் திரிந்தது.

அதற்கு நூலின் நடையும் ஒருவாறு காரணமாகும். யாழ் நூல் பண்டித நடையில், உரையாசிரியர் மரபைத் தழுவி எழுதப்பட்டது. தமிழ் கற்றோர் அதன் உரைநயத்திலே திளைத்துப் பின்னங்களும் அட்டவணைகளும் வந்தவிடத்து ஏட்டைப் புரட்டிவிடுகின்றனர். பௌதிகம் கற்றோருக்கு அக்கணக்கு எளிது. ஆயின் அதனைச் சூழ்ந்த தமிழ் அவர்க்கு அரணாய் நிற்கின்றது. இவ்வாறு நூலுக்கு அரைவாசகர் இரு திறத்தார் வாய்த்தனர். முழுவாசகர் மிகச் சிலரே வாய்த்தனர். கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு என உயர்தர வகுப்பிலே மாணவரைப் பிரித்துவிடும் கல்விமுறை இப்பிளவை இன்னும் ஆழமாக்கிற்று. கலைச்சொல்லாக்கப் பணியிலும் முன்னின்றவராகிய அடிகளார், கணக்குப் பகுதிகளைத் தனியே எடுத்து எளிய உரைநடையிற் பரிசோதனை விளக்கங்களோடு தந்திருப்பாராயின் நூலின் பயன் பன்மடங்கு பெருகியிருக்கும். இதனைக் குறையாகக் கூறுதல் தகும். ஏனெனில் அது இன்றும் நிரப்பத்தக்க குறை.

நிரப்புதற்கு வேண்டிய வசதிகளும் இன்று அண்மையிலேயே உள்ளன. அடிகளார் பிறந்த ஊருக்குத் தெற்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உள்ளது. வடக்கே மட்டக்களப்புக் கல்லடியில், அடிகளாரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கை நிறுவகம் இசை பயிற்றுகின்றது. ஒன்றில் அளக்கும் கருவியும் மற்றொன்றில் இசைக்கும் கையும் உள்ளன. நரம்பின் திணிவையும் இழுவையையும் அளந்து, வெவ்வேறு பருமனுள்ள நரம்புகளால் வில்யாழைக் கட்டி, எவ்வமைப்பு நிலைத்த சுருதி தருகின்றது என்று ஒப்பிடலாம். சென்னையிலும் கைவினைஞர் அண்மை ஆண்டுகளில் யாழ் செய்து இசைத்துக் காட்டியுள்ளமையால் ஒப்பிடுதற்குக் கருவியும் கிடைக்கும்.

இப்பிரதேசத்தின் காலநிலையே ஓர் ஆராய்ச்சிப் பொருள். மாரிக்காலத்து ஈரக்காற்றில் தோலும் விலங்கு நரம்பும் தளரும். ரபான் இசைக்கும் பக்கீர்மார் தோல் தளர்ந்தவிடத்து அதனை அனலிற் காட்டி இறுக்குவர். அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்ததனை ஈரப்பதன்மானியும் மீடிறன் அளவியும் எண்ணாக்கித் தரும். ஈரக்காற்றில் ஓர் இரவு முழுவதும் சுருதி நில்லாத கருவியை ஊரூராய்ச் சுமந்து திரிந்த பாணர் எவ்வாறு பேணினர் என்னும் கேள்விக்கு விடை காணின், பழம்பாட்டுகளிலே யாழைப் போர்த்தும் உறையிட்டும் காத்த செய்திகள் புதிய பொருள் பெறும். பாட்டு ஆய்வுகூடத்துக்கு வினாவைத் தரும். ஆய்வுகூடம் பாட்டுக்கு உரை தரும்.

தொகுத்து நோக்குமிடத்து, யாழ் நூலின் சுரக்கணக்கு உறுதியானது. பாலைத்திரிபு பற்றிய அதன் விளக்கம் நூற்சான்றும் எண்சான்றும் ஒருங்கு பெற்றது. கருவியின் வடிவம் பற்றிய முடிபுகளோ ஆற்றல்மிக்க எடுகோள்கள். எடுகோள் என்பது இழிவன்று. ஆராய்ச்சி அதனாலே நடைபெறும். ஆயின் எடுகோளை முடிந்த முடிபாக மாணவர்க்குப் புகட்டுதல், பரிசோதனையை வாழ்நாள் முழுவதும் மதித்த ஆசிரியருக்கு இழைக்கும் தவறாகும். சுரமானி உள்ள ஒவ்வொரு கல்லூரியிலும் யாழ் நூலின் ஒரு கணக்கையாவது மாணவர் தம் கையால் அளந்து பார்த்து, பொருந்தியதையும் பொருந்தாததையும் எழுதிவைப்பராயின், அந்நூல் அதற்கு உரிய வாசகரைப் பெறத் தொடங்கும்.