அச்சமும் இரக்கமும் ஏதுவாகுமா?

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை தருக்க நூற்பொருளைச் செய்யுளாக்கித் தருவது. அறவண அடிகள் உரைப்பதாக அமைந்த அப்பகுதி, பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 என 33 போலிகளை வகுத்துரைக்கும். கவிச்சுவை இன்றெனக் கருதி இக்காதையைத் தள்ளிச் செல்வார் பலர், அது நேரிதன்று. இப்பட்டியலுள் அச்சமூட்டலும் இரக்கமூட்டலும் இல்லை. மேனாட்டு அளவை நூலாரோ இவற்றைத் தனிப் போலிகளாக எண்ணுவர். நம் நூலார் விட்டது குறையோ எனின், அன்று என்பதே நம் துணிபு. ஏதுப் போலி, ஏதுவாய் நின்று பிழைபடுவது. அச்சமோ ஏதுவின் இடத்தில் வந்தமரும் வேறொரு பொருள். நிறுவவேண்டிய மேற்கோள் யாது எனக் கேட்பின் அது வெளிப்பட்டுவிடும்.

அண்மைக்கால வழக்கொன்றில் வைத்து இதனை ஆராய்வாம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ஊதியம் முதலிய கோரிக்கைகள் பல இருப்பினும், தம் சங்கம் பதிவும் ஏற்பும் பெறவேண்டும் என்பதே முதன்மையானது. முதலீடு வேறு மாநிலம் சென்றுவிடும் என்ற அச்சம் ஒருபுறமும், தொழிலாளர் குடும்பங்கள் வாடுகின்றன என்ற இரக்கம் மறுபுறமும் பேசப்பட்டன. மேற்கோள் 'சங்கம் பதிவுக்கு உரியது' என்பதாயின், அன்று நடைமுறையிலிருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் கேட்பது வேறு: விண்ணப்பிக்க எழுவரேனும் வேண்டும், 2001ஆம் ஆண்டுத் திருத்தப்படி, தொழிலாளருள் நூற்றுக்குப் பதின்மர் அல்லது நூற்றுவர், இவற்றுட் குறைந்த தொகையினரேனும் உறுப்பினராதல் வேண்டும். சங்கப் பெயரில் தன் பெயர் வரலாகாது என நிறுவனம் எழுப்பிய தடை, ஏற்கத்தக்கதோ அன்றோ, மேற்கோளைத் தொட்ட ஏதுவாம். முதலீட்டச்சம் அதனைத் தொடவே இல்லை. 2025 சனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது.

எனினும், அரசு வகுக்கவேண்டிய தொழிற்கொள்கை யாது என்பது மேற்கோளாயின், முதலீடு பெயர்தல் மெய்யான ஏதுவாம். ஆண்டும் சான்று வேண்டும். இவ்வூரில் 2006இல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பர் 1இல் நின்ற நோக்கியா ஆலையைப் போராட்டத்தின் விளைவுக்கு ஒருவர் எடுத்துக்காட்டுவாராயின், அது திட்டாந்தப் போலியே. வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டமையால், மைக்ரோசாப்டுக்குச் செய்த விற்பனையில் அவ்வாலை சேராது நின்றது. பின்னர் மைக்ரோசாப்டின் கொள்முதலும் நின்றதால் மூடப்பட்டது.

இரக்கத்தையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். குடும்பத்தின் வருத்தம் ஊதியம் உயரவேண்டும் என்பதற்கு ஏதுவாகலாம். இத்துணை ரூபாய் உயரவேண்டும் என்பதற்குக் கணக்கு வேண்டும். சங்கப் பதிவுக்கோ அது சிறிதும் துணையாகாது. நம் உள்ளம் தொழிலாளர்பாற் சாய்கின்றது என்பதற்காக இதனைச் சொல்லாது விடல் நேர்மையன்று. இவ்வூரிற் பிறந்த இராமாநுசர், ஸ்ரீபாஷ்யத்தின் முதற் சூத்திரவுரையிலேயே எதிர்க்கட்சியை நெடிது விரித்துரைத்துப் பின்னரே மறுக்கின்றார். பிறர் கட்சியை அவ்வாறு முழுதும் எடுத்துரைக்க முயல்வார்க்கு, அதனுள் நிற்பது ஏதுவோ வெறும் அச்சமோ என்பது விளங்கும்.

உணர்ச்சிக்கு வழக்கில் இடமே இல்லையோ எனின், சிலப்பதிகார வழக்குரை காதையை நோக்குக. கண்ணகியின் கண்ணீரும் விரித்த கூந்தலும் அரசனை வினவச் செய்தன, அவ்வளவே. கள்வனைக் கொல்வது முறையே என்று பாண்டியன் விடை கூறிய பின்னர், அவள் மேலும் அழுது வாதிடவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்புப் பரல் முத்தென அறிந்தவன் பாண்டியன். அச்சொல்லால் வழக்கு ஆராயத்தக்கதாயிற்று. கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை, தனக்கே கேடாகக்கூடும் எனத் தெரிந்தும், அவன் அவைமுன் கொணர்வித்து வைத்தான்.