வெரோக்கியோவின் வெண்கலம்

லியோனார்டோ டா வின்சியின் குரு. ஆந்திரேயா தெல் வெரோக்கியோவைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். சீடன் பேர் வாங்கினால் குருவுக்குப் பெருமைதான். இவர் விஷயத்தில் அந்தப் பெருமையே ஆளை மறைத்துவிட்டது.

1435 வாக்கில் பிளாரன்ஸில் பிறந்தவர். தொழில் பழகியது பொற்கொல்லராக. அந்தக் கண் கடைசிவரை அவரை விடவில்லை. பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் அவருடைய வெண்கலத் தாவீது, கோலியாத்தின் தலை காலடியில் கிடக்க, இடுப்பில் கைவைத்து நிற்கிறான். வென்ற திமிர் முகத்தில் லேசாகத்தான் தெரிகிறது. அவன் சட்டையின் ஓரத்தைப் பாருங்கள்: அரபு எழுத்துப்போல் ஓடும் வேலைப்பாடு, நகைக்காரரின் பொறுமை.

என் ஓட்டு தோமையார் சிற்பத்துக்கு. சென்னைப் பரங்கிமலையில் உயிர்விட்டதாக மரபு சொல்லும் அதே தோமையார்தான். பிளாரன்ஸின் ஓர்சன்மிக்கேலே ஆலயத்தின் வெளிச்சுவரில் ஒரே ஒரு சிலைக்காக முன்பே கட்டிய மாடம் ஒன்று இருந்தது. அதில் இரண்டு பேரை நிறுத்தச் சொல்லி 1467 வாக்கில் வேலை வந்தது. முடிய 1483 ஆனது. இடநெருக்கடியையே வெரோக்கியோ கதையாக்கிவிட்டார். உயிர்த்தெழுந்த கிறிஸ்து உள்ளே, ஒரு படி உயரத்தில். சந்தேகப்பட்ட சீடர் வெளி விளிம்பில். ஒரு பாதம் மாடத்தைத் தாண்டித் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கிற நாமும் அவர் நிற்கிற பக்கம்தான். கிறிஸ்து உடையை விலக்கி விலாக்காயத்தைக் காட்டுகிறார். தோமையாரின் விரல் நெருங்கிவிட்டது, இன்னும் தொடவில்லை. அந்தச் சிறு இடைவெளியில்தான் சிற்பமே இருக்கிறது. இத்தனைக்கும் உருவங்களுக்குப் பின்புறம் கிடையாது, வெறும் கூடு. இன்று தெருவில் இருப்பது நகல். மூலத்தைப் பார்க்க ஆலயத்தின் மாடியிலுள்ள அருங்காட்சியகத்துக்கு ஏற வேண்டும்.

ஓவியத்தில் அவர் இந்த உயரத்தைத் தொடவில்லை. உஃபிஸி அருங்காட்சியகத்தில் உள்ள 'கிறிஸ்துவின் திருமுழுக்கு' படத்தில் யோவானின் கையில் எலும்பும் நரம்பும் புடைத்து நிற்கின்றன. சிற்பியின் கை அது. இடது ஓரத்துத் தேவதை லியோனார்டோ வரைந்தது. அதைப் பார்த்த குரு வெட்கப்பட்டுத் தூரிகையையே கீழே வைத்துவிட்டார் என்று எழுதிவைத்தார், கலைஞர்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்த வசாரி. சுவையான கதை, அவ்வளவுதான். வெண்கலத்தில் இவ்வளவு செய்ய முடிந்தவருக்கு வண்ணத்தை விட ஒரு தேவதையா காரணமாக வேண்டும்?

கடைசி வேலை வெனிஸில்: படைத்தலைவன் கொல்லெயோனி குதிரைமேல் அமர்ந்த சிலை. முப்பது ஆண்டுகளுக்குமுன் படுவாவில் இதேபோல் ஒன்றைச் செய்த தொனத்தெல்லோ, குதிரையின் தூக்கிய குளம்புக்கு அடியில் ஓர் உருண்டையை முட்டுக்கொடுத்திருந்தார். வெரோக்கியோவின் குதிரை முட்டில்லாமல் மூன்று காலில் நிற்கிறது. மேலே இருப்பவன் சேணத்தில் உட்காரவில்லை. அங்கவடியில் காலூன்றி, தோளைத் திருப்பி, எதிரியை முறைக்கிறான். தொனத்தெல்லோவின் வீரனிடம் நிதானம் உண்டு. இவனிடம் இருப்பது ஆத்திரம்.

வார்ப்பு முடியுமுன் 1488இல் வெரோக்கியோ இறந்தார். தம் சீடன் லொரென்சோ தி கிரெதி முடிக்கட்டும் என்று உயிலில் கேட்டிருந்தார். வெனிஸ் அரசு வேலையை அலெஸ்ஸாந்த்ரோ லியோபார்தியிடம் கொடுத்தது. 1496இல் சிலை திறக்கப்பட்டபோது குதிரையின் வயிற்றுவாரில் பொறித்திருந்த பெயர் லியோபார்தியுடையது.