வசிப்போர் நீங்கிய இல்லம்: கெய்ரோவின் பைத்துஸ் ஸுஹைமீயை முன்வைத்து

அரபு மொழியில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் பலவும் சுவரையும் கூரையையும் சுட்டாமல், அங்கு வாழ்வோரின் செயலையே சுட்டி நிற்கின்றன. 'பைத்' என்பது இரவு தங்குதல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடையது. 'மன்ஸில்' என்பது பயணி வந்து இறங்கும் இடம். 'மஸ்கன்' என்பது அமைதி கொள்ளும் இடம். திருக்குர்ஆனில் அந்நஹ்ல் அத்தியாயம் (16:80) இல்லங்களை இறைவனின் அருட்கொடையாகக் கூறுமிடத்தும் இதே வேரினின்று பிறந்த 'ஸகன்' என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. கவிதையின் ஓரடிக்கும் 'பைத்' என்றே பெயர். அவ்வடியின் ஒரு பாதிக்கு 'மிஸ்ராஉ', அதாவது இரட்டைக் கதவில் ஒரு கதவு, என்று பெயர். இல்லமும் கவிதையும் இவ்வளவு நெருங்கி நிற்கும் மொழியில், ஓர் இல்லத்தை வியந்து பார்ப்பது எப்படி என்னும் கேள்வி இலக்கியத் திறனாய்வின் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

இதற்குப் பழைய அரபுக் கவிஞர்கள் ஒரு வழி காட்டியுள்ளனர். பாலையில் பயணம் செய்யும் கவிஞன், தன் காதலியின் குலத்தார் கூடாரமிட்டு வாழ்ந்து நீங்கிய இடத்தில் வாகனத்தை நிறுத்தி நிற்பான். இம்ருஉல் கைஸும் லபீதும் தம் முஅல்லகாக்களை இவ்வாறே தொடங்குகின்றனர். கஸீதாவின் இம்மரபில் கவிஞன் காண்பவை கரிபடிந்த அடுப்புக் கற்கள், மழைநீர் உட்புகாமல் கூடாரத்தைச் சுற்றி வெட்டிய சிறு வாய்க்கால், முளையடித்த தடம் முதலியனவே. வியக்கத்தக்க பொருள் அங்கு ஒன்றுமில்லை. வாழ்ந்தவர்களின் புழக்கத்தைத்தான் அவன் தேடுகிறான். பிற்காலத்தில் அபூநுவாஸ் இம்மரபை எள்ளி நகையாடினார் என்பது உண்மை. எனினும் வீட்டைப் பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை என்றே கருதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெய்ரோவுக்கு வந்த மேலை நாட்டார் வேறு விதமாகப் பார்த்தனர். அவர்களுள் எட்வர்ட் வில்லியம் லேன் தனித்து நிற்பவர். எகிப்தியரின் பழக்க வழக்கங்களைப் பற்றி 1836இல் அவர் வெளியிட்ட நூல், வீட்டின் அறைகளை அவற்றின் பயன்பாட்டோடு சேர்த்து விளக்குகிறது. தம்மால் நுழைய இயலாத பெண்கள் பகுதியை அறிய, 1842இல் தம்முடன் வந்த சகோதரி ஸோஃபியா பூலின் உதவியை அவர் நாடினார். தம் பார்வையின் எல்லை எது என்பதை அறிந்த ஆய்வாளர் அவர். ஜான் ஃபிரெடெரிக் லூயிஸ் என்னும் ஓவியரோ 1841 முதல் 1851 வரை கெய்ரோவில் வாழ்ந்தவர். அவர் 1873இல், இங்கிலாந்து திரும்பி இருபதாண்டுகளுக்கு மேலான பின்னர், தீட்டிய 'வரவேற்பு' என்னும் ஓவியத்தில் மரப்பின்னல் வழியே விழும் ஒளி அற்புதமாக அமைந்துள்ளது. ஆனால் அங்கே பெண்கள் விருந்தினரை வரவேற்பது, ஆண் விருந்தினருக்குரிய 'மன்தரா' கூடத்தில்! ஒளியைச் சரியாகக் கண்ட கண், அறையின் பயனைப் பொருட்படுத்தவில்லை. இன்றைய பயணக் கையேடுகள் பலவும் லேனை விட்டு லூயிஸையே பின்பற்றுகின்றன.

இவ்விரு பார்வைகளையும் ஓர் உண்மையான இல்லத்தின் முன் நிறுத்திப் பார்ப்போம். கெய்ரோவின் ஜமாலிய்யாப் பகுதியில், அல்-முஇஸ் தெருவினின்று பிரியும் தர்புல் அஸ்ஃபர் என்னும் சந்தில் உள்ளது பைத்துஸ் ஸுஹைமீ. அல்-அஸ்ஹரிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். (அங்குக் கல்வி கற்கச் செல்லும் நம் மாணவர்கள் ஒரு பிற்பகலையேனும் இதற்கென ஒதுக்குதல் நன்று.) இதன் தென்பகுதியை 1648இல் ஷைகு அப்துல் வஹ்ஹாப் தப்லாவீ கட்டினார். வடபகுதி 1796இல் ஹாஜி இஸ்மாயீல் ஷலபியால் இணைக்கப்பட்டது. இறுதியாக இங்கு வாழ்ந்தவர், அஸ்ஹரில் துருக்கிய மாணவர் பிரிவான ரிவாக்கின் தலைவராக இருந்த ஷைகு முஹம்மத் அமீன் ஸுஹைமீ. அவர் 1928இல் காலமானார். 1931இல் அரசு இவ்வீட்டை வாங்கியது. 1992ஆம் ஆண்டின் நிலநடுக்கம் பழைய கெய்ரோவை உலுக்கியபின், பொருளாதார, சமூக மேம்பாட்டுக்கான அரபு நிதியத்தின் உதவியோடு, அஸ்அத் நதீம் தலைமையில் விரிவான சீரமைப்புப் பணி நடைபெற்று, 2000ஆம் ஆண்டில் வீடு திறக்கப்பட்டது. வீட்டோடு நில்லாமல், அண்டை வீடுகளையும் சந்தையும் சேர்த்தே செப்பனிட்டமை இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பு. ஒற்றைக் கட்டடத்தை மட்டும் துலக்கிச் சுற்றுப்புறத்தை இடிய விடும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு விளங்கும்.

வாயிலில் நுழைந்தவுடன் முற்றம் தெரிவதில்லை. 'மஜாஸ்' எனப்படும் நடை ஒரு திருப்பம் திரும்பிய பின்னரே முற்றத்தில் விடுகிறது. தெருவில் செல்வோனின் பார்வை உள்ளே பாயாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. இலக்கண ஆசிரியனாகிய எனக்கு இச்சொல் தனி மகிழ்ச்சி தருவது. அணியிலக்கணத்தில் சொல் தன் நேர்ப்பொருளைக் கடந்து பிறிதொரு பொருளுக்குச் செல்வதற்கும் 'மஜாஸ்' என்றே பெயர். முற்றத்துக்கு மேலே, வடகாற்றை ஏற்கும் வகையில் வடக்கு நோக்கித் திறந்த 'மக்அத்' உள்ளது. முற்றத்திற்கும் பின்புறத் தோட்டத்திற்கும் இடையே தரைமட்டத்தில் அமைந்தது 'தக்தபூஷ்' என்னும் நிழற்கூடம். இதன் நுட்பத்தைக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900-1989) தெளிவாக விளக்கியுள்ளார். தோட்டம் பரப்பில் பெரியது, நிழல் குறைந்தது. ஆகவே விரைவில் சூடேறுகிறது. அங்குச் சூடான காற்று மேலெழ, அதன் இடத்தை நிரப்ப முற்றத்தின் குளிர்ந்த காற்று இந்நிழற்கூடத்தின் வழியே ஓடுகிறது. வெயில் ஏற ஏறக் காற்றும் கூடும். வெப்பத்தையே குளிர்ச்சியின் ஏவலாளாக ஆக்கிய இவ்வறிவுக்கு முன், வண்ணக் கூரைகளின் அழகு எனக்கு இரண்டாவதாகவே படுகிறது.

மஷ்ரபிய்யா என்னும் மரப்பின்னல் சன்னலுக்கு வருவோம். இதனைப் பெண்களை அடைத்து வைத்ததற்கான சான்றாகவே காட்டிச் செல்வது வழிகாட்டிகளின் வழக்கம். சொல்லின் பிறப்பிலேயே இரு கருத்துகள் உண்டு. பருகுதல் என்னும் பொருளுடைய 'ஷரிப' என்பதிலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார். நுண்துளை மண்சாடிகளில் நீரை வைத்துக் காற்றில் குளிரச் செய்த இடம் அது. உயரத்திலிருந்து நோக்குதல் என்னும் பொருளுடைய 'அஷ்ரஃப' என்பதன் வழிவந்த 'மஷ்ரஃபிய்யா' திரிந்தது என்பர் மற்றொரு சாரார். பொருளை நோக்க இரண்டும் பொருந்தும். கண் மட்டத்தில் பின்னல் நெருக்கமாக அமைந்து கூச்சத்தைத் தணிக்கும்; மேலே இடைவெளி அகன்று காற்றை விடும். உள்ளிருப்போர் வெளியே காணலாம், வெளியிலிருப்போர் உள்ளே காண இயலாது. அந்தரங்கம் இதன் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது இருபக்கக் கடமை. துனிஸ் நகரின் தலைமைக் கொத்தனாரான இப்னுர் ராமீ பதினான்காம் நூற்றாண்டில் கட்டடச் சட்டங்களைப் பற்றி எழுதிய நூல், புகை, நாற்றம், அண்டை வீட்டை நோக்கித் திறக்கும் சன்னல் ஆகியவற்றால் எழும் வழக்குகளை விரிவாக ஆராய்கிறது. நூல் மாலிகி மத்ஹபைச் சார்ந்தது. கெய்ரோவின் நடைமுறையை அப்படியே அதிலிருந்து பெற இயலாது. ஆயினும் பிறர்க்குத் தீங்கு செய்யலாகாது என்னும் நபிமொழி நெறி, ஒரு சன்னலின் இடத்தையும் உயரத்தையும் முடிவு செய்யும் அளவுக்கு இறங்கி வந்தது என்பதற்கு அது சான்று. தன் வீட்டாரை மறைப்பதோடு அண்டை வீட்டாரைப் பாராதிருப்பதும் சன்னலின் கடமையாயிற்று.

இவ்வளவையும் சீரமைப்பாளர்கள் மரத்திலும் கல்லிலும் மீட்டுத் தந்துள்ளனர். குறை எங்கே? வருவோர் கண்ணை எங்கே திருப்புகிறார்கள் என்பதில். பளிங்குத் தரையும் கூரை வண்ணமும் உள்ள கூடங்களில் கூட்டம் நிற்கிறது. பின்புறத்தில் மாவரைக்கும் ஆலையும் நீரிறைக்கும் ஸாகியாவும் உள்ளன. இவ்வளவு பெரிய குடும்பம் எதை உண்டது, எப்படிக் குளித்தது, ஏவலர் எத்தனை முறை படியேறினர் என்பதற்கெல்லாம் விடை அங்கேதான் உள்ளது. கஸீதாக் கவிஞன் முதலில் அங்கே சென்று நின்றிருப்பான்.

அல்-ஜாஹிஸ் தம் 'கஞ்சர்கள்' நூலில் அல்-கிந்தீ என்னும் வீட்டு உரிமையாளரைக் காட்டுகிறார். குடியிருப்பவரின் வீட்டுக்கு விருந்தினர் வந்து தங்கியதற்காக வாடகையை உயர்த்தும் அவர், கூடுதல் கால்களால் தரை தேய்வது, கதவு தளர்வது, கழிவுக்குழி நிறைவது என்று கணக்குக் காட்டுகிறார். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அக்கணக்குப் பொய்யன்று. வாழ்ந்தால் வீடு தேயும். குடியிருப்போர் எவருமில்லாத அருங்காட்சியகம் அல்-கிந்தீயின் கனவு வீடு! அதற்காக இங்கு மீண்டும் ஒரு குடும்பத்தைக் குடியேற்றக் கோருவது நடவாத செயல். அருங்காட்சியகம் ஆகாதிருந்தால் இவ்வீடே நமக்குக் கிட்டியிராது. இயலக்கூடியது ஒன்றுண்டு. சீரமைப்புக்குப் பின் இங்கு நாட்டுப்புற இசை நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டு வந்துள்ளன. அக்கம்பக்கத்தாரும் அயலாரும் முற்றத்தில் கலந்து அமர்வர். மாலை இறங்க, வெயிலில் காய்ந்த கல் தன் சூட்டை விடத் தொடங்கும். பேச்சுக்குரல் மேல்மாடத்துப் பின்னல்கள் வரை எழும்.