பிள்ளை பிடிப்பவன் கதை: வாய்மொழி வழக்காறும் புலனப் பகிர்வும்

ஆய்வுச்சுருக்கம்

புலனம், முகநூல் முதலியவற்றில் உலவும் செய்திகளைப் 'புதிய வாய்மொழி வழக்காறு' எனக் கொள்ளும் போக்கு தமிழ் ஆய்வுலகில் காணப்படுகிறது. 2018இல் தமிழகத்தில் உயிர் பறித்த வதந்தியையும் 2004இல் புதுச்சேரிக் கடற்கரையில் உயிர் காத்த அறிவிப்பையும் முன்வைத்து இக்கட்டுரை அப்போக்கை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: வாய்மொழி வழக்காறு, வதந்தி, சமூக ஊடகம், கதைசொல்லி, நல்லவாடு

சமூக ஊடகங்களைப் பற்றிய சலிப்பு கல்விப்புலத்தில் அன்றாடப் பேச்சாகிவிட்டது. ஆக்கியோன் பெயர் நீக்கப்பட்டுப் 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு வந்து விழும் கவிதைகள், மூலம் அறிய இயலாத பொன்மொழிகள், விடியற்காலை வணக்கங்கள் ஆகியவற்றைக் குறை கூறாத ஆசிரியர் அரிது. வியப்பு என்னவெனில், தேநீர் இடைவேளையில் இவ்வாறு சலித்துக்கொள்ளும் அதே ஆய்வாளர், கருத்தரங்க மேடை ஏறியதும் இப்பகிர்வுகளை நாட்டார் மரபின் மறுபிறப்பு எனப் போற்றுகிறார். வால்டர் ஓங் 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கிய 'இரண்டாம்நிலை வாய்மொழி' என்னும் கருத்தாக்கம் இதற்குத் துணைக்கு அழைக்கப்படுகிறது. ஓங் மனத்திற்கொண்டது தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றை. ஒரு விரல் தொடுகையில் படியெடுத்து அனுப்பப்படும் செய்திக்கு அதனை நீட்டுவதற்கு இடையே ஒரு வாதம் தேவை. அவ்வாதம் பெரும்பாலும் வைக்கப்படுவதில்லை. அது வைக்கப்படாததன் விளைவை ஒரு கதையின் வழியே காணலாம்.

பிள்ளை பிடிப்பவன் தமிழ்க் குழந்தைகள் அனைவரும் அறிந்த உருவம். கோணிப்பையோடு வருவான், உண்ண மறுக்கும் பிள்ளையையும் பொழுது சாய்ந்தபின் தெருவில் நிற்கும் பிள்ளையையும் தூக்கிச் செல்வான். பாலமோ அணையோ கட்டப்படும் காலத்தில் நரபலிக்குத் தலை தேடுகிறார்கள் என்ற பேச்சும் இவனோடு ஒட்டிக்கொள்ளும். இக்கதையைச் சொல்பவர் தாய் அல்லது பாட்டி. கேட்பது மடியிலோ திண்ணையிலோ இருக்கும் குழந்தை. கடைசி உருண்டைச் சோறு உள்ளே போனதும் கதை முடிந்துவிடும். அது பொய் என்பதைக் குழந்தை யாரும் சொல்லாமலேயே ஒருநாள் அறிந்துகொள்ளும். பின்னர்த் தன் பிள்ளைக்கும் அதையே சொல்லும்.

2018இன் முற்பகுதியில் இதே உருவம் புலனக் குரற்பதிவுகளிலும் காணொலிகளிலும் ஏறி வடதமிழக மாவட்டங்களுக்குள் நுழைந்தது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் கூட்டமாக வந்து இறங்கியிருப்பதாக அவை கூறின. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், சென்னையிலிருந்து உறவினரோடு குலதெய்வக் கோயிலை நாடிச் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததன் பொருட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் பழவேற்காட்டில் ஆதரவற்றுத் திரிந்த ஆடவர் ஒருவர் கொல்லப்பட்டுப் பாலத்திலிருந்து தொங்கவிடப்பட்டார். வடநாட்டார் என்று வதந்தி சொன்னது. அத்திமூரில் இறந்தவரோ தமிழ் பேசியவர், தம் குலதெய்வத்தைத் தேடி வந்தவர். குழந்தைக்குத் தின்பண்டம் தருவது என்ற பாட்டிமாரின் இயல்பான செயலே அங்குக் குற்றச் சான்றாக வாசிக்கப்பட்டது.

அக்காலத்தில் இந்தியா முழுவதும் பரவிய காணொலி ஒன்று இங்குக் கருதத்தக்கது. பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம் அது. மூலத்தில், தூக்கிச் செல்லப்பட்ட சிறுவன் மீண்டும் கொண்டுவந்து விடப்படுவான். விழிப்புணர்வு வாசகமும் காட்டப்படும். பரவிய வடிவத்தில் அம்முடிவு வெட்டப்பட்டிருந்தது. பாட்டியின் கதைக்கு ஒரு முடிவு உண்டு, இதற்கு இல்லை. முடிவற்ற அச்சத்தைக் கேட்டவர்களே தெருவில் இறங்கி முடித்துவைத்தனர்.

இதனால் வாய்மொழி தூயது, கருவியே தீயது என்று கொள்வது எளிய பிழை. கைப்பேசிக்கு முன்னரும் வாய்வழி வதந்தி கலகங்களை மூட்டியுள்ளது. வேறுபாட்டை உண்மை, பொய் என்ற எல்லையில் தேடிப் பயனில்லை. சொன்னவர் யார், அவரிடம் திரும்பிச் சென்று கேட்க இயலுமா என்பதிலேயே அது தங்கியுள்ளது.

புதுச்சேரிக் கடற்கரை இதற்கு எதிர்ச்சான்று ஒன்றைத் தருகிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெறப்பட்ட அலையுயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கி வழியே மீனவர்க்கு அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு ஊருக்குத் தொலைபேசினார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிர்ச்சேதம் நேரவில்லை. இதுவும் கடல் கடந்து வந்த செய்திதான். சரிபார்க்கப் பொழுதில்லாத செய்திதான். ஆயினும் அழைத்தவர் இன்னார் மகன், ஒலிபெருக்கியில் பேசியவர் இன்னார் என்பது ஊருக்குத் தெரியும். தவறாகியிருந்தால் மறுநாள் அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் முன் நின்றிருக்க வேண்டும்.

நாட்டுப்புறவியல் இந்தப் பொறுப்பைத் தன் முறையியலிலேயே வைத்திருக்கிறது. கள ஆய்வாளர் கதையோடு சொன்னவரின் பெயர், வயது, ஊர், சூழல் ஆகியவற்றைக் குறிக்கிறார். 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த கி. ராஜநாராயணன் புதுச்சேரி வட்டாரக் கதைகளைத் திரட்டச் செய்ததும் சொல்பவர்களைத் தேடிச் சென்ற உழைப்பினால்தான். அவரும் கழனியூரனும் தொகுத்த 'மறைவாய்ச் சொன்ன கதைகள்' என்ற நூலின் தலைப்பு ஒன்றே போதும்: யாரிடம், எந்த இடத்தில், எவர் இல்லாதபோது சொல்லத்தக்கது என்ற அறிவும் கதையின் பகுதி. பகிர்வு பொத்தானுக்கு மறைவும் இல்லை, அவையும் இல்லை.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் அனுப்பப்பட்ட செய்திக்கு 'முன்னனுப்பப்பட்டது' என்னும் அடையாளத்தை இட்டது; இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்புவதைத் தடுத்தது. 2020இல் மிகுதியாகப் பகிரப்பட்டவற்றுக்கு வரம்பு ஒன்றாகச் சுருங்கியது. அடையாளம் செய்தி பிறரிடமிருந்து வந்தது என்கிறது, எவரிடமிருந்து என்று கூறுவதில்லை. பகிர்வுகளை நாட்டார் வழக்காறாகத் தொகுக்கும் ஆய்வேடுகளும் இதே நிலையில் நின்றுவிடுகின்றன. பின்னிணைப்பில் திரைப்பிடிப்புகள் வரிசையாக இருக்கும். தகவலாளர் பட்டியல் மட்டும் வெறுமையாக இருக்கும்.

அப்பட்டியலை நிரப்ப இயலாது என்பதில்லை. ஒரு குரற்பதிவு பிள்ளைச்சாவடி போன்ற மீனவர் ஊருக்கு வந்து சேரும்போது, அதை முதலில் உரக்க ஒலிக்கவிட்டவர் யார், வலை பின்னும் இடத்தில் அதை நம்பியவர் யார், சிரித்தவர் யார், வீட்டில் பிள்ளைகளிடம் அது எவ்வாறு மாற்றிச் சொல்லப்பட்டது ஆகியவை கேட்டு அறியத்தக்கவையே. காலாப்பட்டுப் பல்கலைக்கழக வளாகத்திற்கு அவ்வூர் அண்மையிலேயே இருக்கிறது.